எழுபத்திரண்டு படிகள்

என் பெண்டாட்டி பட்டம்மாள் மேலே இருக்கிறாள். மேலே என்றால் எழுபத்திரண்டு படி. ஒரு மாடிக்குப் பதினெட்டு. மூன்று மாடியைத் தாண்டினால் மொட்டை மாடி, அங்கே ஆஸ்பெஸ்டாஸ் போட்ட ஒற்றை அறை, அதுதான் எங்கள் வீடு. மணி பதினொன்று ஆகிவிட்டது. பன்னிரண்டு மணிக்குப் போளூரிலிருந்து, நாங்கள் குடிபோகப் பார்த்திருக்கிற வீட்டின் சொந்தக்காரர் போன் பண்ணுவார். வருகிறோம் என்றோ வரவில்லை என்றோ ஒன்றைச் சொல்ல வேண்டும். வியாழக்கிழமை ஆடி பிறக்கிறது. ஆடியில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள். அதற்குள் காய்ச்சாவிட்டால் ஆவணிக்குத்தான், ஆவணிவரை அந்த வீடு எனக்காகப் பூட்டிக் கிடக்காது, அரிசி ஆலையில் வேலை செய்கிறவன் ஒருவன் கேட்டுக்கொண்டே இருக்கிறானாம். இன்றைக்குப் பார்த்து ரேஷன் கடைக்குப் போகச் சொல்லிவிட்டாள் பட்டம்மாள். எனக்கும் அது நல்லதாகப் போயிற்று, வரிசையில் நிற்கிற நேரத்தில் யோசிக்கலாம் என்று கிளம்பினேன். யோசிக்கவில்லை. முன்னால் நின்றவன் பருப்பு எடை சரியில்லை என்று சண்டை போட்டுக்கொண்டிருந்தான், நான் அவன் பக்கமா கடைக்காரன் பக்கமா என்று முடிவு பண்ணுவதிலேயே நேரம் போய்விட்டது. கடைசியில் இரண்டு பேர் மேலும் எனக்குக் கோபம். இப்போது அரிசி மூட்டை இடது தோளில் இருக்கிறது. இடது தோள்தான் என் தோள். முப்பத்தொரு வருஷம் இதே தோளில் சிலிண்டர் தூக்கியிருக்கிறேன், சாக்கை நாலாக மடித்துப் போட்டு, அதன்மேல் இரும்பை ஏற்றி, தலையை வலப்பக்கம் சாய்த்து. இந்தக் கட்டடத்துக்கே மாதம் பத்துப் பன்னிரண்டு நடை. அப்போதெல்லாம் மூச்சு வாங்கியதில்லை. வாங்கியிருக்கும், யார் கவனித்தார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. வலது முட்டி மூன்றாவது படியிலேயே பேச ஆரம்பித்துவிட்டது. இருக்கட்டும், இந்த வீட்டில் என்னோடு பேசுகிறவர்கள் யாராவது வேண்டும்தானே.

முட்டி போனபோது ஏஜென்சியில் மேனேஜர் என்ன சொன்னான்? மேலே ஏற ஆள் வேணும்யா, கீழே நிக்க ஆள் வேணாம். சிரித்துக்கொண்டே சொன்னான், பக்கத்தில் நின்ற பையன்களும் சிரித்தார்கள். எட்டு வருஷம் ஆகிறது. அவன் இப்போது எந்த ஊரில் இருக்கிறானோ, அவனுடைய பல் எனக்கு ஞாபகம் இருக்கிறது, மேல் வரிசையில் ஒன்று தள்ளி நிற்கும். சரி, அவனை விடு. வாடகையை யோசி. அடுத்த மாதத்திலிருந்து ஏற்றிவிட்டார்கள். ஏற்றிய வாடகையைக் கொடுக்க வேண்டுமென்றால் நான் பக்கத்துத் தெருவில் புதிதாகக் கட்டியிருக்கிற அடுக்குமாடியில் வாட்ச்மேனாக உட்கார வேண்டும். கேட்டும் வைத்திருக்கிறேன். நீல சட்டை கொடுப்பார்களாம், தொப்பி கொடுப்பார்களாம், கார் வரும்போது எழுந்து நின்று கேட்டைத் திறந்து சலாம் வைக்க வேண்டுமாம். அறுபத்தெட்டு வயதில் சலாம். போளூரில் அது வேண்டாம். அங்கே இந்த வாடகையில் மூன்றில் ஒரு பங்குதான், முதியோர் பணமும் அவள் கட்டுகிற பூவும் போதும். கணக்கு அந்தப் பக்கம்தான் சாய்கிறது, எனக்கும் தெரியும். கணக்கை வைத்து முடிவு பண்ணுகிறவன் என்றால் நான் இந்நேரம் என்னவோ ஆகியிருப்பேன். பன்னிரண்டு, பதின்மூன்று. இங்கே சுவரில் வழவழவென்று ஒரு கறை இருக்கிறது, ஆள் தோள் உயரத்தில். சிலிண்டர் உரசி உரசி வந்தது. என் கறை. போன தடவை வெள்ளையடித்தபோதுகூட அது போகவில்லை, சுண்ணாம்புக்கு மேலே வந்துவிட்டது. நான் போனபிறகும் இருக்கும், யார் கறை என்று யாருக்கும் தெரியாமல்.

முதல் மாடி. நித்யானந்தம் வீட்டுக் கதவு. பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், குடியிருப்போர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர், எங்கள் மொட்டை மாடி அறை சங்கத்துக்குச் சொந்தம், வாடகையை ஏற்றியதும் அவர் கையெழுத்தில்தான் வந்தது. இந்தக் கதவின் முன்னால்தான் நடந்தது. தண்ணீர்ப் பஞ்சம் வந்ததே, லாரிக்குப் பின்னால் எல்லோரும் குடத்தோடு ஓடிய வருஷம், அந்த வருஷம். சிலிண்டரை இறக்கி வைக்கிறேன், மனிதர் உள்ளேயிருந்து கொக்கித் தராசு ஒன்றைக் கொண்டு வருகிறார். கேஸ் குறையற மாதிரி இருக்கு, நிறுக்கணும் என்கிறார். நிறுங்க சார் என்றேன். தனியாகவா நிறுத்தார்? எதிர்வீட்டுக்காரரைக் கூப்பிட்டார், மேல் மாடியிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள், அவருடைய மருமகன் ஊரிலிருந்து வந்திருந்தான், அவனும் பனியனோடு வந்து நின்றான். தராசைப் பிடிக்கச் சொன்னதும் என்னைத்தான். என் திருட்டை நானே தூக்கிக் காட்ட வேண்டும். தூக்கினேன். முள் சரியான இடத்தில் நின்றது. ஒரு புள்ளி குறையவில்லை. மனிதர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு இன்னொரு தடவை பார்த்தார். பிறகு சொன்னார்: “இந்தத் தடவை சரியா இருக்கு.” இந்தத் தடவை. அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் எத்தனை வருஷம் இருந்திருக்கிறேன். சோற்றில் கை வைக்கும்போது வரும், பஸ்ஸில் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தால் வரும். இந்தத் தடவை என்றால் போன தடவை? அதற்கு முந்திய தடவை? அவருக்குப் பதில் சொல்லவில்லையே என்று எனக்கு நானே எத்தனை பதில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். நல்ல நல்ல பதில்கள். ஒன்றுகூட அன்றைக்கு வரவில்லை, வாஷர் சரியா இருக்கு சார் என்று சொல்லிவிட்டு காலி சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். போகும்போது ஒரு நாள் சொல்லிவிட்டுத்தான் போக வேண்டும். கதவைத் தட்டி, சார், இந்தத் தடவை நான் போறேன் என்று. நன்றாக இல்லை. வேறு யோசிக்க வேண்டும். அதற்குக் கொஞ்சம் காலம் வேண்டும். போளூரில் இருந்துகொண்டு எப்படி யோசிப்பது, கதவு எதிரில் இருந்தால்தானே வரும்.

இங்கேதான் சிக்கல். போன மாதம் போளூர் வீட்டை நான் மட்டும் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். பட்டம்மாளால் வர முடியாது. பொங்கலுக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு ஏறியவள்தான், ஒவ்வொரு மாடியிலும் கால் மணி நேரம் உட்கார்ந்து ஏறினாள், உதடு நீலமாகிவிட்டது, அதற்குப் பிறகு இறங்கவே இல்லை. ஆறு மாதமாக மொட்டை மாடியிலேயே இருக்கிறாள். பூக்காரி கீழே நின்று குரல் கொடுப்பாள், இவள் கயிற்றில் கூடையை இறக்குவாள், உதிரிப்பூ ஏறும், கட்டிய பூ இறங்கும். சித்திரை வெயிலில் அந்தத் தகட்டுக்குக் கீழே ஈரத்துண்டைத் தலையில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவளுடைய சித்தி மகள் தனபாக்கியம் போளூரில் இருக்கிறாள், அவள் பார்த்துச் சொன்ன வீடு இது. நான் குறை கண்டுபிடிக்கத்தான் போனேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே போகலாம். தெரு சுத்தமாக இருந்தது. வீட்டுக்காரர் சைக்கிள் கடை வைத்திருக்கிறார், வாங்கண்ணே என்று நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ வாங்கி வரச் சொன்னார். குழாயைத் திறந்து பார்த்தேன், தண்ணீர் வந்தது. சுவரைத் தட்டிப் பார்த்தேன். கக்கூஸ் கதவின் தாழ்ப்பாள் கொஞ்சம் தளர்ந்திருந்தது, அதைச் சொன்னேன், இப்பவே மாத்திடலாம்ணே என்று ஸ்க்ரூ டிரைவர் எடுத்து வந்து நான் டீ குடிப்பதற்குள் மாற்றிவிட்டார். எனக்குக் கோபம் வந்தது. கோபப்பட எதுவுமே இல்லையே என்கிற கோபம். அந்தத் தெருவில் என்னை யாரும் திருடன் என்று சொன்னதில்லை. யாரும் என்னைப் பார்த்துச் சிரித்ததில்லை. அங்கே காலையில் எழுந்து வாசலில் நின்றால் நான் எந்தக் கதவை முறைப்பேன்? டீக்கடையில் உட்கார்ந்தால் கேட்பார்கள், பெரியவர் யாரு, எந்த ஊரு என்று. என்ன சொல்வேன்? என் பெயர் தேசிங்கு, கேஸ் சிலிண்டர் போட்டேன். அவ்வளவுதான், ஒரு வாய் டீக்குள் முடிந்துவிடும். மிச்சம் எல்லாம் இந்தப் படிக்கட்டில் இருக்கிறது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அதில் மட்டும்தான் எனக்கு யார் மேலும் கோபம் இல்லை.

பத்தொன்பது, இருபது, இருபத்தொன்று. இருபத்திரண்டு. இதுதான் அந்தப் படி. மற்ற எல்லாப் படியையும்விட ஒரு விரல் உயரம் அதிகம். கொத்தனார் பண்ணிய தப்பு, கட்டி முடித்தபிறகு கடைசியில் கணக்கு உதைத்திருக்கும், யாருக்குத் தெரியப்போகிறது என்று இங்கே ஒரு விரலைச் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறான். வெறும் கையோடு ஏறுகிறவனுக்குத் தெரியாது. முப்பது கிலோவோடு ஏறுகிறவனுக்குத் தெரியும். முதல் வாரத்தில் ஒரு நாள் இதில் இடித்துக்கொண்டு சிலிண்டரோடு சாயப் போனேன், அன்றிலிருந்து ஏறும்போது எண்ணுவது பழக்கமாகிவிட்டது. முகம் பார்க்காத கொத்தனார், அவன் மேலும் எனக்கு ஒன்று இருக்கிறது. மூட்டையை வலது தோளுக்கு மாற்றலாமா? வேண்டாம். இரண்டாவது மாடி விசாலம் அம்மாவின் புருஷன் செத்தபோது இந்தத் திருப்பத்தில்தான் அவரை இறக்கினோம். படி குறுகல், படுக்க வைத்து இறக்க முடியாது. நாற்காலியில் உட்கார வைத்து வேட்டியால் மார்பைச் சேர்த்துக் கட்டி இறக்க வேண்டும். சொந்தக்காரர்கள் நாலு பேர் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். தேசிங்கைக் கூப்பிடுங்க, எப்படித் திருப்பணும்னு அவனுக்குத்தான் தெரியும் என்றது யார்? அவர்தான், நித்யானந்தம். வந்தேன். நாற்காலியின் முன்காலை நான் பிடித்தேன், பாரம் முழுக்க என் தோளில். பிணம் தலையாட்டிக்கொண்டே இறங்கியது, ஆமாம் ஆமாம் என்று சொல்வதுபோல. கீழே இறக்கினதும் எல்லோரும் அழுதார்கள், நான் ஓரமாகப் போய் நின்றேன், கை கழுவக்கூட யாரும் தண்ணீர் கொடுக்கவில்லை. நான் போனால் என்னை யார் இறக்குவார்கள்? மேலே இருந்து நாலு மாடி. சங்கத்தில் கூட்டம் போடுவார்கள். அவளை? உதடு நீலமானது கண்ணுக்குள் வந்தது. இருபத்தேழு, இருபத்தெட்டு. எண்ணு.

இரண்டாவது மாடியில் கதவு திறந்திருக்கிறது. விசாலம் அம்மா கதவுக்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறாள். பிள்ளை வெளிநாட்டில் இருக்கிறான், பகல் முழுக்க இப்படித்தான், யாராவது ஏறினால் பேச்சுக் கொடுப்பாள். எனக்கும் அவளுக்கும் நடுவில் இருப்பது ஒரு டம்ளர். எவர்சில்வர் டம்ளர், இடுப்பில் நசுங்கல், கழுத்தில் அவள் பெயரும் கல்யாணத் தேதியும் புள்ளிப் புள்ளியாக வெட்டியிருக்கும். சிலிண்டரை உள்ளே வைத்துவிட்டு தண்ணீர் கேட்டால் அதில்தான் வரும். வீட்டில் வேறு டம்ளரே இல்லையா, ஷோகேஸ் நிறைய அடுக்கி வைத்திருந்தாள். குடித்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கக் கையை நீட்டினால் வாங்க மாட்டாள், அங்க வச்சிடு என்பாள். அங்கே என்றால் வாசலில் செருப்பு ஸ்டாண்டு. செருப்புக்கு மேல் தட்டில் அந்த டம்ளர் கவிழ்ந்திருக்கும், மாதம் முழுக்க, அடுத்த தடவை நான் வரும்வரை. தூக்கித்தான் குடிக்க வேண்டும், உதடு படக் கூடாது. ஒரே ஒரு தடவை வேண்டுமென்றே வாய் வைத்துக் குடித்தேன், அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. முகம் மட்டும் மாறியது. அந்த முகத்துக்காக நான் இன்னும் பத்து வருஷம் சிலிண்டர் தூக்கியிருப்பேன். இப்போது கூப்பிடுகிறாள்.

“யாரு, தேசிங்கா? நெனச்சேன், முட்டி சத்தம் கேட்டுதே. போகப் போறீங்களாமே?”

“யாரு சொன்னது?”

“பூக்காரி. ஏம்ப்பா, நீயும் போயிட்டா எனக்கு யாரு சிலிண்டர் மாத்தித் தருவா? இப்ப வர்ற பசங்க வாசல்லயே வச்சிட்டு ஓடறானுங்க. அந்த ரெகுலேட்டரைத் தொடவே எனக்குப் பயமா இருக்கு.”

“இன்னும் ஒண்ணும் முடிவாகலம்மா.”

“மூட்டைய எறக்கு. தண்ணி குடி.”

இறக்கினேன். தாகம் இல்லை, ஆனால் அந்த டம்ளரைக் கடைசியாக ஒரு தடவை பார்க்க வேண்டும்போல் இருந்தது. பார்த்து, கையில் வாங்கி, குடிக்காமல் திருப்பி வைத்துவிட்டுப் போக வேண்டும். எத்தனையோ நாள் யோசித்து வைத்திருந்தது அது. வேலை போனபிறகு இந்த வாசலைத் தாண்டும்போதெல்லாம் அந்தப் பக்கம் நான் முகத்தைத் திருப்பியதில்லை, இப்போது செருப்பு ஸ்டாண்டில் பார்க்கிறேன், இல்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய், கண்ணாடி டம்ளரில் கொண்டு வந்தாள். பூப்போட்டது, ஷோகேஸில் இருந்தது. கையில் கொடுத்தாள். விரல்கூடப் பட்டது.

“அந்த டம்ளர் எங்கம்மா?”

“எந்த டம்ளர்?”

“எவர்சில்வர். நசுங்கினது. இங்க இருக்குமே.”

யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள், நடிக்கவில்லை, எனக்கு அந்த முகம் தெரியும். செருப்பு ஸ்டாண்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அங்க எதுக்குப்பா டம்ளர் இருக்கப் போவுது? பழைய பாத்திரமெல்லாம் போட்டு தீபாவளிக்கு முன்னால ஒரு வாளி வாங்கினேன். அதுல போயிருக்கும். உனக்கு வேணுமா என்ன?” என்று சிரித்தாள். முப்பத்தொரு வருஷம். வாளி. என்ன நிற வாளி என்று கேட்கத் தோன்றியது. நான் ஒவ்வொரு மாதமும் அதைத் தூக்கிக்கொண்டு இறங்கியிருக்கிறேன், காலி சிலிண்டரோடு அதையும் சேர்த்து. அவள் அதை ஒரு நாள்கூடத் தூக்கவில்லை. நினைவே இல்லாதவளிடம் எதைத் திருப்பி வைப்பது? ஏதாவது செய்ய வேண்டுமே என்று கண்ணாடி டம்ளரை உயரத் தூக்கி ஊற்றிக்கொண்டேன், பழைய மாதிரியே, உதடு படாமல். கழுத்து முன்போல் சாயவில்லை. பாதித் தண்ணீர் மூக்கிலும் சட்டையிலும் ஊற்றியது, புரையேறிவிட்டது. இருமுகிறேன். அவள் பதறிப்போய் என் முதுகைத் தட்டுகிறாள். “ஏம்ப்பா சட்டையெல்லாம் நனைச்சுக்கறே, வாய் வச்சுக் குடிக்க வேண்டியதுதானே” என்கிறாள்.

ஏறினேன். எண்ணவில்லை. நாற்பதா ஐம்பதா தெரியவில்லை. மூட்டை கனத்தது. மூன்றாவது மாடியில் சின்ன வயசுப் பிள்ளைகள் இருக்கிறார்கள், அங்கிள் என்பார்கள், அவர்கள்மேல் வைத்துக்கொள்ள எனக்கு ஒன்றுமில்லை, கதவு வழியாகப் பாட்டுச் சத்தம் வந்தது. நித்யானந்தத்துக்கு மட்டும் ஞாபகம் இருக்குமா என்ன? அவரிடம் போய் இந்தத் தடவை என்று ஆரம்பித்தால், எந்தத் தடவை என்பார். தராசு எங்கே சார் என்றால், எந்தத் தராசு என்பார். எல்லாக் கதவுக்குப் பின்னாலும் இதுதான் இருக்கிறது. இவ்வளவு நாள் நான் இந்தக் கட்டடத்தோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தேன், கட்டடத்துக்குத் தகவலே போகவில்லை. அப்படியானால் இங்கே இருந்தால் என்ன, போளூரில் இருந்தால் என்ன. இல்லை, அப்படி விட முடியாது. போனால் விசாலம் அம்மாவின் சிலிண்டரை யார் மாற்றுவார்கள்? மாற்ற மாட்டேன் என்று போவதற்காகவே போகலாம். போகிறேன். வருகிறோம் என்றே சொல்லிவிடுகிறேன். நான்தான் சொல்வேன், பன்னிரண்டு மணிக்கு, போனை நானே வாங்கி, என் வாயால். பட்டம்மாள் முகத்தைப் பார்த்துக்கொண்டே சொல்ல வேண்டும். ஆறு மாதமாக அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை, நீங்க எப்படிச் சொன்னாலும் சரி என்றாள், அந்த முகம் எப்படி ஆகிறது என்று பார்க்க வேண்டும்.

தகரக் கதவைத் தள்ளினேன். வெயில் அறைந்தது. பட்டம்மாள் தண்ணீர்த் தொட்டி நிழலில் உட்கார்ந்திருக்கிறாள், மடியில் கதம்பம். பக்கத்தில் பாத்திரங்களைப் பழைய புடவையில் மூட்டை கட்டி வைத்திருக்கிறாள். நான் அரிசியை இறக்கிவிட்டு மூச்சு வாங்கினேன். மணி என்ன என்றேன். பதினொன்றே முக்கால் என்றாள். போனை எடு என்றேன்.

“எதுக்கு?”

“போளூருக்குச் சொல்லணும்ல.”

பூவில் முடிச்சுப் போட்டாள். நாரை இழுத்தாள். “நான் சொல்லிட்டேங்க. புதன்கிழமை பால் காய்ச்சறோம்னு.”

“எப்ப?”

“நீங்க ரேஷன் கடையில இருந்தீங்களே. பத்தே காலுக்கு.”

ரேஷன் கடைக்கு அனுப்பியது அவள்தான். முப்பத்தொன்பது வருஷம் என்னைக் கேட்காமல் ஒரு குடம்கூட வாங்காதவள். பத்தே கால். பருப்புக்காரன் சண்டை போட்டுக்கொண்டிருந்த நேரம், நான் எந்தப் பக்கம் என்று முடிவு பண்ணிக்கொண்டிருந்த நேரம். வாய் திறக்கவில்லை நான். திறக்கப் போவதும் இல்லை, எத்தனை நாளானாலும் சரி. ஒரு தடவை பதினொரு மாதம் பேசாமல் இருந்திருக்கிறேன். அவளுக்குத் தெரியும். அப்போதெல்லாம் சுவரைப் பார்த்துத்தான் பேசுவாள். சோறு வடிச்சாச்சு, வேணும்னா போட்டுக்கச் சொல்லு என்று சுவரிடம் சொல்வாள், நானும் சுவரிடம்தான் குழம்பில் உப்பு இல்லை என்பேன். சரி, பரவாயில்லை. போளூருக்கு எடுத்துக்கொண்டு போக என்னிடமும் ஒன்று இருக்கிறது. பத்தே கால். வாளிக்குப் போடாமல் பத்திரமாக வைத்துக்கொள்வேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு அறைச் சுவர் பக்கம் திரும்பிக்கொண்டாள். இப்போதே ஆரம்பித்துவிட்டாள். “அங்க வாசல்ல ஒரே ஒரு படிதானாம், தனபாக்கியம் சொன்னா” என்றாள் சுவரிடம். “எப்படி எறங்குவேன்னு ரோசனை பண்ண வேணாம்னு சொல்லு. உக்காந்து உக்காந்து எறங்கிடுவேன். காலையில ஆரம்பிச்சா சாயங்காலத்துக்குள்ள கீழ போயிடுவேன்.”

இத்தனை வருஷமும் நான் கீழேயிருந்துதான் எண்ணியிருக்கிறேன். மேலேயிருந்து எண்ணிப் பார்த்ததில்லை. எழுபத்திரண்டு, இங்கேயிருந்து ஒன்று, மூன்றாவது மாடியில் பதினெட்டு, இரண்டாவது மாடியில் முப்பத்தாறு, அதற்குக் கீழே அந்த இருபத்திரண்டாவது படி. இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், விடை மாறவில்லை. நானும் சுவரைப் பார்த்தேன்.

“ஐம்பத்தொண்ணாவது படி ஒரு விரல் பள்ளமா எறங்கும்” என்றேன். “பார்த்துக் கால் வைக்கச் சொல்லு.”